நாலும் புதுசு

"உயிர் முக்கியமா, காசு முக்கியமா?" என்று முதலாளி ஒரு போடு போட்டார். டயர் கடைக்காரர் உருட்டிக்கொண்டு வந்த பழைய டயரை அப்படியே திருப்பி உள்ளே கொண்டுபோனார். பக்கத்தில் நின்ற டிரைவருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

பத்து மாதமாக அதே கேள்வியை முதலாளியிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போனவன் அவன். "டயரெல்லாம் மொட்டையாயிடுச்சு சார், கம்பி தெரியுது" என்பான். "நீ மெதுவா ஓட்டு, அது பாட்டுக்கு ஓடும்" என்பார். செலவில் பாதியைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னபோதுகூட மனிதர் அசைந்து கொடுக்கவில்லை.

அசைய என்ன இருக்கிறது? அவர் போய்வருவது பெரிய காரில், அதை அவரே ஓட்டிக்கொள்வார். கடைக்கும் குடோனுக்கும் நாள் முழுக்க அலைகிற இந்தச் சின்னக் காரில் ஏறும் ஒரே உயிர் டிரைவருடையதுதான்.

போன வாரம் மழையில் பிரேக்கை மிதித்தும் நிற்காமல் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. சுவரில் மோதாமல் தப்பியது மயிரிழையில்தான். நடுக்கத்தோடு போன் செய்தவனிடம் முதலாளி கேட்டது, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

அன்றைக்கு அவன் மனைவி அழுது தீர்த்துவிட்டாள். அவளுடைய அண்ணன் தன் கம்பெனியில் அவனுக்கு ஒரு வேலை பேசி வைத்திருந்தார். இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இந்த நிலைமையில்தான் இன்று காலை, "வண்டிய எடு, டயர் மாத்தணும்" என்று முதலாளியே வந்து ஏறி உட்கார்ந்தார்.

கடைக்காரர் புது டயரில் இரண்டு வகை காட்டினார். "இருக்கறதுலயே விலை கூடினதப் போடு" என்றார் முதலாளி. டிரைவருக்கு மனசு கேட்கவில்லை. அவர் காசு வீணாகக் கூடாதே என்று குனிந்து, டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் குறிக்கும் நாலு இலக்க எண்ணைப் படித்தான்.

"சார், இது தயாரிச்சு மூணு வருஷம் ஆச்சு, ஸ்டாக்குலயே கெடந்திருக்கு. விலை கம்மியா இருக்கே, அந்த டயர் இந்த வருஷத்துது. நம்ம வண்டிக்கு அதுவே தாராளம்."

கடைக்காரர் அவனை முறைத்தார். முதலாளி அந்த டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "பதட்டத்துல சட்டுனு பிரேக் அடிச்சாலும் இழுத்துட்டுப் போகாதே?" என்று கேட்டார்.

டிரைவருக்கு முகம் சுருங்கியது. பதினோரு வருடமாக ஓட்டுகிறவனுக்கா பதற்றம்? ஆனால் போன வாரம் நடந்ததை நினைத்து மனிதர் உள்ளுக்குள் பயந்திருக்கிறார் என்று தோன்றியதும் கண் கலங்கிவிட்டது.

"நிக்கும் சார். மழையிலயும் நிக்கும்" என்றான்.

பேரம் பேசி, வீல் பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் இலவசமாகச் செய்ய வைத்தான். நட்டுகளைத் தானே ஒருமுறை முடுக்கிப் பார்த்தான். அப்புறம் ஓரமாகப் போய் மனைவிக்குப் போன் போட்டான்.

"நாலும் புதுசு! அவரே கூட்டிட்டு வந்து மாத்திட்டாரு. நாமதான் மனுஷனத் தப்பா நெனச்சுட்டோம்."

"அப்போ அண்ணன்கிட்ட என்னங்க சொல்ல?"

"வேற ஆளப் போட்டுக்கச் சொல்லு. இவர விட்டுட்டு வர மனசு இல்ல."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிக்க என்ன இருக்கு? இப்பவே சொல்லிடு, பாவம், அவரக் காக்க வைக்காத."

தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தான். ஒரு பக்கமாக இழுக்கவில்லை, ஸ்டியரிங் அதிரவில்லை. திரும்பி வந்து நிறுத்தியபோது, 'அண்ணன்கிட்ட சொல்லியாச்சு' என்று மனைவியிடமிருந்து மெசேஜ் வந்திருந்தது.

"அருமையா இருக்கு சார். இனிமே ஒரு பயமும் இல்ல" என்று இறங்கினான்.

முதலாளியின் முகத்தில் இத்தனை வருடத்தில் பார்த்தறியாத நிம்மதி. அவனைப் பார்த்துச் சிரித்தபடி வலது கையை நீட்டினார். டிரைவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, கூச்சத்தோடு தன் கையையும் நீட்டினான்.

"சாவியக் குடுப்பா. நாளையிலேருந்து வண்டிய என் பொண்ணே ஓட்டிக்குவா."