ஏழு சாவிகள்

பூட்டமாட்டேன் என்றாள்.

வர மறுக்கவில்லை. துணிப்பையும் தண்ணீர்க் குடமும் வாசலில் தயாராக இருந்தன. கதவைப் பூட்டத்தான் மறுத்தாள்.

கிராம நிர்வாக அலுவலர் காற்றில் பிடிக்க முடியாத குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தெருவில் அவள் ஒருத்திதான் பாக்கி. மற்றவர்கள் பேருந்தில் ஏறி உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் எட்டாம் எண் புயல் கூண்டு ஏற்றியாகிவிட்டது.

கடலுக்குப் போனவன் கரையேறும்வரை அந்தக் குப்பத்தில் தலைவாசலைப் பூட்டுவதில்லை. சாத்துவார்கள். கயிறு போட்டுக் கட்டுவார்கள். பூட்டு மட்டும் தொங்காது. பூட்டிய வீட்டுக்குக் கடல் ஆளைத் திருப்பித் தராது என்பார்கள்.

மூடநம்பிக்கைதான். இருந்துவிட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?

அவள் கணவன் அஞ்சப்பன் திங்கட்கிழமை விடியலில் விசைப்படகில் போனான். கூட ஆறு பேர், எல்லோரும் இதே குப்பம். புயல் எச்சரிக்கை செவ்வாய்க்கிழமை மாலை வந்தது.

கரையில் இருந்தவர்களுக்கு வந்தது.

"ஏம்மா, போன தடவ கேஸ் சிலிண்டர் காணும்னு எம்மேல புகார் எழுதுனது இந்தத் தெருதான? பூட்டிட்டு ஏறு."

"எங்க வூட்டு ஆளு இன்னும் வரல சார்."

"அதெல்லாம் வருவாங்க."

எதை வைத்துச் சொன்னார்? வயர்லெஸ்ஸில் இரண்டு நாளாக இரைச்சல்தான். தேடிப் போகக் கப்பல் கேட்டுக் குப்பத்தார் அலுவலகத்துக்கும் துறைமுகத்துக்கும் நாயாய் அலைந்தார்கள். மேலே சொல்லியிருக்கிறோம் என்றார்கள். மேலே இருந்து ஒன்பது பேருந்துகள் வந்தன.

அவர் உள்ளே கைவிட்டு ஆணியில் தொங்கிய பூட்டை எடுத்தார். அவரே பூட்டினார். இழுத்தும் பார்த்தார்.

சாவியை அவள் கையில் வைத்து, "ரெண்டே நாள். வந்து தொறந்துக்க," என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண் போலீஸ் தோளைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

பேருந்தில் வேதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மகனும் அதே படகில்தான். அவளும் பூட்டியிருந்தாள். பூட்டச் சொன்னார்கள், பூட்டிவிட்டாள். மற்ற ஐந்து வீடுகளிலும் அப்படித்தான். பயம்.

மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு அறை கொடுத்தார்கள். பெயர் எழுதிக்கொண்டார்கள்.

தன் பெயரைச் சொன்னாள். பிறகு, கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் வாய்விட்டுச் சொல்லாத பெயரையும் சத்தமாகச் சொன்னாள்.

"அஞ்சப்பன்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "இங்க இருக்கறவங்க பேரு மட்டும் சொல்லுங்க."

மதியம் புயல் கரையைக் கடந்தது. சைக்கிள் கொட்டகையின் தகரம் பிய்ந்து மைதானத்தில் உருண்டது. கதவுகள் அடித்துக்கொண்டன. சாம்பார் சாதம் வந்தது. தின்றவர்கள் தின்றார்கள். அவள் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளங்கையில் அதன் பல் பதிந்துவிட்டது.

மறுநாள் மழை விட்டும் தூவானம் விடவில்லை.

பதினொரு மணிக்குப் பெரிய அதிகாரி வந்தார். கூடவே கேமராக்கள். வராந்தாவில் மைக் வைத்தார்கள். பாயும் போர்வையும் வாங்க வருபவர்கள் சிரித்த முகமாக வரவேண்டும் என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார்.

அதிகாரி பேசினார். முன்னெச்சரிக்கை என்றார். இரவு பகல் பாராமல் என்றார். பிறகு குரலை உயர்த்தினார்.

"இந்த மாவட்டத்துல ஒரு உயிர்ச்சேதம்கூட இல்ல!"

கைதட்டினார்கள்.

வேதவல்லியும் தட்டினாள். பழக்கதோஷம். இரண்டு தட்டுத் தட்டியபிறகுதான் தன் கைகளைப் பார்த்தாள்.

அஞ்சப்பன் மனைவி எழுந்தாள்.

மைக்கை நோக்கிப் போகிறாள் என்று நினைத்துப் பெண் போலீஸ் குறுக்கே வந்தாள். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. பின்வரிசையில், பெயர்ப் பட்டியலும் கையுமாக நின்ற கிராம நிர்வாக அலுவலரிடம் போனாள்.

அவர் கையைப் பிடித்து விரித்தாள். சாவியை வைத்தாள்.

"பூட்டுனது நீங்க. நீங்களே போயி தொறங்க."

"என்னம்மா இது, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

வேதவல்லி எழுந்து வந்தாள். முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். வலைக்கயிறு கோத்த சாவி. அதையும் வைத்தாள்.

மூன்றாமவள் வந்தாள். ஊக்கில் மாட்டிய சாவி. வயிறு நிறைமாதம். யாரும் கைகொடுக்காமல் தானே எழுந்து வந்தாள்.

பிறகு மற்ற நால்வரும். ஒருத்தி வைத்தாள் என்று சொல்ல முடியாது, எறிந்தாள்.

பட்டியல் அவர் கையிலிருந்து நழுவி ஈரத்தில் விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை.

மைக்கில் எல்லோரையும் இன்னொரு முறை கைதட்டச் சொன்னார்கள். அதிகாரிகள் வரிசையில் எல்லோரும் தட்டினார்கள்.

அவர் மட்டும் கையை ஏந்தியபடியே நின்றார்.