ஆறாம் கட்டில் சர்க்கரை

நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கருவி வந்து நாலு நாளாகிறது. நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையிலும் மாத்திரை அட்டையிலும் காட்டினால், ஆளும் மருந்தும் பொருந்தும்போது மட்டும் 'டிங்' என்னும். ஆறாம் கட்டில் நல்லியப்பனுக்கு வேளை தவறாமல் 'டிங்' அடித்தது. சர்க்கரை மட்டும் முன்னூற்றுப் பத்தைவிட்டு இறங்கவில்லை.

"நாளைக்கும் குறையலைன்னா கருவியோட சேத்து உன்னையும் அனுப்பிருவேன்," என்றார் டாக்டர், நர்ஸ் மேகலாவிடம்.

மேகலா கட்டிலுக்கு ஓடினாள். "ஏனுங்கய்யா, மாத்திரையத் துப்பிடறீங்களா?"

"முப்பது வருசம் காஷ்மீருக்கு லாரி ஓட்டுனவன் பொய் சொல்லுவனா சாமி?" வாயைத் திறந்தும் காட்டினார்.

"ஜாங்கிரி, லட்டு?"

"பச்சத்தண்ணி கூட என்னையக் கேட்டுத்தானுங்க குடிப்பாரு," என்றாள் அவர் மனைவி பாவாயி.

மறுநாள் காலை லேப்காரர் ரத்தம் எடுக்க வந்தபோது மேகலா கதவோரம் நின்று பார்த்தாள். கட்டிலில் தலையோடு காலாகப் போர்த்திய உருவம். லேப்காரர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "விரலுங்க," என்றார். போர்வைக்குள்ளிருந்து விரல் நீண்டது. கூடவே இரண்டு கண்ணாடி வளையலும் வந்தன.

மேகலா போர்வையை இழுத்தாள். பாவாயி எழுந்து உட்கார்ந்தாள்.

"காஷ்மீருக்கே போனவருதான் சாமி. ஆனா ஊசின்னா உசுரே போயிரும். ரெண்டு பேருக்கும் ஒரே சோறு, ரத்தமும் ஒண்ணாத்தான் இருக்கும்னு..."

குளியலறையில் ஒளிந்திருந்த நல்லியப்பனைப் பிடித்து வந்து சோதித்தார்கள். நூற்றுப் பத்து! கருவியும் மேகலாவும் தப்பித்தார்கள்.

ஆறாம் கட்டிலில் இப்போது பாவாயி. பட்டை கட்டி, மாத்திரைக்கு 'டிங்' அடித்து, விரலில் ரத்தம் எடுக்க மேகலா ஊசியை எடுத்ததும் பாவாயி புருசனைப் பார்த்தாள்.

நல்லியப்பன் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டார்.