அடைத்த ஜன்னல்

"தலை பத்திரம் மிஸ்! நானூறு வருஷமா இந்த உத்தரம் உசரமான ஆளுங்க மண்டையைத்தான் பதம் பார்த்துக்கிட்டிருக்கு."

கிளெம் புரோபர்ட் சொல்லி முடிப்பதற்குள் மிஸ் கார்பெட் இடித்துக்கொண்டாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். கவுன்சிலிலிருந்து வந்தவள். பாதுகாக்கப்பட்ட பழைய வீடுகளில் ஓர் ஆணி பிடுங்குவதென்றாலும் அவள் கையெழுத்து வேண்டும். சிரித்துக்கொண்டு வருகிற அதிகாரிகளைக் கிளெம் என்றைக்குமே நம்பியதில்லை.

புகைபோக்கியை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஏறிய குறுகல் படியில் இருவரும் மேலே போனார்கள். ஓக் மரச் சட்டங்கள், நடுவில் மூங்கில் தட்டி போலப் பின்னிய குச்சியும் மண்ணும் சேர்ந்த சுவர். தரை மேற்கே சாய்ந்திருந்தது. அவள் தூணைத் தடவிப் பார்த்தாள்.

"தச்சன் வெட்டின அடையாளம் அப்படியே இருக்கு! எவ்வளவு அழகான வீடு!"

"குளிர்காலத்துல வந்து ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க. அழகு எலும்பு வரைக்கும் ஏறும்," என்றார் கிளெம். பிறகு அறைக்குள் பார்த்துக் கத்தினார்: "மேவிஸ்! கவுன்சில் ஆளு வந்திருக்கு!"

அவர் மனைவி மேவிஸுக்குக் காது மந்தம். இடுப்பு போனதிலிருந்து நாலு வருஷமாகப் படுக்கை. அந்தப் படியில் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்க ஒருவராலும் முடியாது. விருந்தாளி வருகிறாள் என்று நீலக் கம்பளிச் சட்டை போட்டு, உதட்டுக்குச் சாயம்கூடப் பூசியிருந்தாள்.

"அதோ, அந்த இடம்தாம்மா," என்று கட்டிலுக்கு எதிர்ச் சுவரைக் காட்டினாள். நாலு பக்கமும் ஓக் சட்டம், நடுவில் சுண்ணாம்புப் பூச்சு. எப்போதோ ஜன்னலாக இருந்து அடைபட்டது.

"அதைத் திறந்து விட்டா போதும். அந்தப் பக்கம் எங்க பேரிக்காய்த் தோப்பு. நான் கல்யாணமாகி வந்து இறங்கினது மே மாசம். பனி கொட்டிக் கிடக்குன்னு நினைச்சுக் கோட்டை இழுத்து மூடிக்கிட்டேன். கிட்டப் போய்ப் பார்த்தா, பூ! இந்த மனுஷன் ஒரு வாரம் சிரிச்சாரு."

"இப்பவும்தான் சிரிக்கிறேன்."

"ஜனவரி மாசம் மரத்தடியில தீ மூட்டிப் பாடுவோம். வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி சுட்டு மரங்களை எழுப்புவோம். இந்த வருஷமும் சுட்டாரு. எனக்கே கேட்டுச்சுன்னா பார்த்துக்கயேன்! இப்போ பூ வந்திருக்காம், தினம் வந்து சொல்றாரு. சொல்லிக் கேட்டா ஆச்சா? இன்னொரு மே மாசம் எனக்கு இருக்கோ என்னவோ. ஒரு தடவை கண்ணால பார்த்துடணும்மா."

மிஸ் கார்பெட் சுவரைத் தட்டிப் பார்த்தாள். முகம் வாடியது.

"அந்தக் காலத்துல ஜன்னலை எண்ணி வரி போட்டாங்க. வரிக்குப் பயந்து நிறைய பேர் ஜன்னலை அடைச்சுட்டாங்க. இதுவும் அப்ப அடைச்சதாத்தான் தெரியுது. அப்படின்னா இந்த அடைப்பும் வரலாறு. தொட முடியாது."

கிளெம் குதித்தார். "வெளிச்சத்துக்கு வரி போட்டது ஒரு கவர்ன்மென்ட்டு. அதுக்குப் பயந்து வச்ச செங்கல்லைக் கும்பிடுறது இன்னொரு கவர்ன்மென்ட்டு! சாகப் போற பொம்பளை முக்கியமில்ல, செங்கல்தான் முக்கியம். அப்படித்தானே?"

"கிளெம்! அந்தப் பொண்ணை அதட்டாதே. கீழ கூட்டிட்டுப் போய்க் கேக் குடு."

"இவளுக்குக் கேக்கு வேறயா?"

மேவிஸ் சுண்ணாம்புச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்த மிஸ் கார்பெட்டுக்கு மனசு கேட்கவில்லை. சமையலறைக்கு வந்ததும், "வெளிப்பக்கம் போய் ஒரு தடவை பார்த்துடறேன்," என்றாள்.

"எதுக்கு? ஒரே சேறு. டீ குடிச்சுட்டுக் கிளம்புங்க."

"கார்ல பூட்ஸ் இருக்கு."

அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அடுப்பில் கெட்டில் கொதித்து விசிலடித்தது. கிளெம் அதை இறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வந்தவள் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"மிஸ்டர் புரோபர்ட், அது மெஷின்ல அறுத்த செங்கல். அந்த வரியெல்லாம் ஒழிஞ்சு நூறு வருஷத்துக்கு அப்புறம் அடைச்சது. உங்க அப்பா காலமா இருக்கும்."

"ஆமா. குளிருக்கு அடைச்சாரு. நான்தான் கலவை தூக்கிக் குடுத்தேன்."

"இதை மேலயே சொல்லியிருந்தா அங்கேயே அனுமதி குடுத்திருப்பேனே! எதுக்கு அந்தச் சத்தம் போட்டீங்க?"

"அவ ஒரு வருஷமா நச்சரிச்சா, மனு போட்டேன். உங்க ஆபீஸ் எதுக்குமே சரின்னு சொன்னதில்லயே, அந்தத் தைரியம்தான்."

மிஸ் கார்பெட் சேற்று பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "பின்னாடி சுவரை ஒட்டி வரிசையாப் புது வீடுங்கதான் நிக்குது. தோப்பு எங்க?"

கிளெம் விரலை உயர்த்தி மேலே காட்டினார். "கூரையில இருக்கு. கையால செஞ்ச ஓடுதான் போடணும்னு உங்க ஆபீஸ் சொல்லுச்சே, அந்தச் செலவுக்குத் தோப்பை வித்தேன். அவளுக்குத் தெரியாது. ஜன்னலைத் திறக்க முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க."