குஷியான புயல்

"புயல் சீனுக்கு நான் போட்ட மியூசிக்ல பயமே இல்லையாம். மெயின்லேண்ட் படக்காரங்க மூணாவது தடவையா திருப்பி அனுப்பிட்டாங்க" என்று அலுத்துக்கொண்டான் ஷமீர்.

அவன் மனைவி அல்மாஸ் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். தபேலாவில் தகரக் கூரை மழை கொட்டியது. டிரம்ஸில் இடி இடித்தது. புல்லாங்குழல் மட்டும் கல்யாண வீட்டுக் குழந்தை போலத் துள்ளியது.

"ஏங்க, புயலுக்குள்ள எதுக்கு இவ்வளவு குஷி?"

"புயல் அடிச்சா கப்பல் கேன்சல். நீ தூரத்துத் தீவுல, கேம்பல் பே ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகாம நாலு நாள் கூட இருப்பே. அதுல பயத்தை எங்க வைக்கிறது, சொல்லு?"

ஜன்னலுக்கு வெளியே ஷாதிபூரில் வெயில் சுள்ளென்று அடித்தது. கப்பலுக்குக் கட்டி வைத்திருந்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு தடவை போடுங்க" என்றாள் அல்மாஸ்.