ஓரத்தில் ஒரு ஓட்டை

“மூணு மணிக்குள்ள முடியுமா தம்பி? முடியாதுன்னா முடியாதுன்னு இப்பவே சொல்லிடுங்க.”

லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி பெரியவர் கேட்டது இது மூன்றாவது தடவை. சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. லேப்டாப் ரிப்பேர் கடையின் கடிகாரத்தில் மணி ஒன்று பத்து.

மெக்கானிக் சார்ஜரைச் சொருகிப் பார்த்தான். விளக்கு எரியவில்லை. சார்ஜர் முனை உள்ளே பிடிப்பில்லாமல் விழப்போகும் பல்லைப் போல ஆடியது.

“மூணு மணிக்கு என்ன சார்?”

“பொண்ணுக்கு ஆன்லைன்ல பரீட்சை, இன்டர்வியூ எல்லாம். கடல் தாண்டி வேலை. போனா மூணு வருஷம் கழிச்சுதான் லீவே குடுப்பானாம். வேற மெஷின்ல எழுத முடியாது, இதுலதான் கம்பெனிக்காரன் என்னமோ ஏத்தி வச்சிருக்கான். இன்னிக்கு விட்டா விட்டதுதான்.”

“அவங்க வரலையா?”

“பஸ்ல பத்து நிமிஷம்தானே, நீ வீட்டுல உக்காந்து படி, நான் பார்த்துக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன்.”

வந்த வரிசைப்படிதான் வேலை என்பது அந்தக் கடையின் சட்டம். சொந்த மாமனாரையே ஒன்றரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார வைத்து, அதற்கான பலனை வீட்டில் ஒரு வாரம் அனுபவித்தவன் மெக்கானிக். இன்று அந்த ஸ்டூலில் ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தார். வகுப்பின் மார்க் முழுவதும் அவருடைய லேப்டாப்புக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

“என்னுது கிடக்கட்டும், முதல்ல இவருதைப் பாருங்க,” என்றார் டீச்சர். “அஞ்சு மணிக்குள்ள மார்க் ஏத்தலன்னா எச்.எம். திட்டுவாங்க. திட்டு வாங்குறது எனக்கென்ன புதுசா?”

பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மெக்கானிக் சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு லேப்டாப்பைத் திறந்தான். திறந்ததுமே திட்ட ஆரம்பித்தான். லேப்டாப் செய்கிறவர்கள் மேல் அவனுக்கு இருந்த கோபம் ஊரறிந்தது.

“சார்ஜர் ஓட்டை வச்சிருக்கான் பாருங்க இடம்! ஓரத்துல, கை இடிக்கிற இடத்துல. போதாக்குறைக்கு நேரா போர்டுலயே பத்த வச்சிருக்கான். பின்பக்கமா வச்சு, நடுவுல ஒரு சின்ன ஒயர் குடுத்திருந்தா பத்து வருஷம் தாங்கும். தாங்கிட்டா அவன் புதுசு எப்படி விப்பான்? அவன் பண்ற வேலைக்கு ஜனங்க என் கடை வாசல்ல வந்து அழறாங்க. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!”

பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டியவன் சற்று நிதானித்தான்.

“எப்படி சார் உடைஞ்சுது?”

“காலைல ஒயர் தடுக்கிடுச்சு. என் கால்தான்.”

“தடுக்குனா வெளிய இல்ல இழுத்திருக்கும்? நடு ஊசி உள்ள அமுங்கி மடங்கியிருக்கே...” என்றவன் தானே தலையை ஆட்டிக்கொண்டான். “சரி விடுங்க. இந்த மாடல் எப்படி வேணா உடையும்.”

தீர்ப்பு எழுதி முடித்த வழக்கில் அவனுக்கு இன்னொரு சாட்சி தேவைப்படவில்லை.

பெரியவரின் போன் அடித்தது. திரையில் ஒரு பெண்ணின் சிரித்த முகம். அவர் சத்தத்தை மட்டும் அடக்கிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

“எடுத்துப் பேசுங்க சார். அங்க பதறிட்டு இருக்கும்.”

“முடியட்டும் தம்பி. முடிஞ்சப்புறம் சொல்லிக்கறேன்.”

சார்ஜர் சொருகும் ஜாக் அதே அளவில் கடையில் இல்லை. செத்துப்போன இரண்டு பழைய லேப்டாப்பைப் பிரித்து, ஒன்றிலிருந்து பிடுங்கி எடுத்துப் பொருத்தினான். அவசரத்தில் சூட்டுக்கோல் விரலைப் பதம் பார்த்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு ஜாக்கின் அடுத்த காலைப் பற்றவைத்தான்.

இரண்டு இருபதுக்கு விளக்கு எரிந்தது.

டீச்சர் கைதட்டிவிட்டார். பெரியவரின் கண்கள் நிறைந்து வழிந்தன. சார்ஜரைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்.

“எங்கப்பா என்னை வெளியூர் காலேஜுக்கே அனுப்பலை சார்,” என்றார் டீச்சர். “உங்க பொண்ணு குடுத்து வச்சவ.”

“காசெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்,” மெக்கானிக் அவரை வாசல்வரை தள்ளாத குறையாக அனுப்பினான். “எதிர்ல பஸ் ஏறினா பத்தே நிமிஷம். ஓடுங்க சார்!”

ஒரு வேலையைச் சரியான நேரத்தில் முடித்துக் கொடுத்த சந்தோஷம் அவனுக்கு. டீச்சரின் லேப்டாப்பில் பாதி வேலையை முடித்தபோதுதான் பசி தெரிந்தது. அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவ வாசலுக்கு வந்தான். மணி இரண்டு ஐம்பது.

எதிரே பஸ் ஸ்டாப் பெஞ்சில், மடியில் லேப்டாப்போடு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

பஸ் வரவில்லையா, படபடப்பில் விட்டுவிட்டாரா? டப்பாவை வாசலிலேயே போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான். விரட்டிக்கொண்டு போனால் ஏழு நிமிஷத்தில் வீட்டில் விட்டுவிடலாம்.

சாலையைக் கடந்து பெஞ்சுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி, “சார், ஏறுங்க!” என்று சொல்ல வாயெடுத்தான். பெரியவர் காதில் போனை வைத்திருந்தார்.

“கடை பூட்டிக் கிடக்குதும்மா.”