மூங்கில் தூண்டிற்கோல்

ஒரு மோட்டார் சைக்கிளின் விலையைக் கொடுத்து, கையால் இழைத்த மூங்கில் தூண்டிற்கோல் ஒன்றை அருமைநாயகம் வாங்கினார். அதன் பிறகு அவரால் மீன் பிடிக்க முடியவில்லை. மலை ஓடைக்குப் போவார். உறையிலிருந்து கோலை எடுத்துத் துடைப்பார். பாறையில் இடித்துவிடுமோ, கிளையில் மாட்டிக்கொள்ளுமோ என்று பயந்து மறுபடியும் உறைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார். எட்டு மாதமாக வீட்டில் மீன் குழம்பே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி எஸ்தரும் கூட வந்தாள். "நீங்க வீசலைன்னா நான் வீசுறேன்" என்று கோலைப் பிடுங்கி ஓங்கினாள். பின்னாலிருந்த மரத்தில் நூல் சிக்கியது. வெடுக்கென்று இழுத்தாள். கோலின் நுனி ஒரு விரல் நீளத்துக்கு முறிந்து தொங்கியது.

"ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேங்க!" எஸ்தரின் முகம் வெளிறிவிட்டது.

அருமைநாயகம் முறிந்த இடத்தைத் தடவினார். கோபம் வரும் என்று அவரும்தான் எதிர்பார்த்தார். சிரிப்புதான் வந்தது. தோள்கள் தளர்ந்து, மூச்சு நிதானமாக இறங்கியது. மரத்தில் சிக்கிய நூலை விடுவித்து, பிசிறைக் கத்தியால் சீவிவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்று வீசினார். மீனை ஏமாற்ற நூல் முனையில் இறகால் கட்டிய பொய்ப்பூச்சி ஓசையில்லாமல் நீரில் அமர்ந்தது.

"அவ்வளவு காசுக்குத் தகுமாங்க அது?" என்று கரையிலிருந்து தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இப்பத்தானே வீசவே ஆரம்பிச்சிருக்கேன். இரு, பார்த்துட்டுச் சொல்றேன்."