ராத்திரி வேலை கேட்டவள்

“இந்தச் சம்பளத்துக்கு ஏம்மா வர்றீங்க?”

தூக்கப் பரிசோதனைப் பிரிவின் தலைமை டெக்னீஷியன் விண்ணப்பத்தை இரண்டாம் முறையாகப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவளுக்கு வயது நாற்பத்தைந்து. பதினாறு வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பகல் வேலை.

“புதுசா ஒண்ணு கத்துக்கலாம்னுதான்” என்றாள்.

தலைமை டெக்னீஷியனுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. அங்கே வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இங்கே தேறும் என்றாள். வாரத்துக்கு ஆறு ராத்திரி. நோயாளியின் தலையிலும் மார்பிலும் இருபது சொச்சம் ஒயர்களைப் பசைபோட்டு ஒட்டிவிட்டு, விடியும்வரை திரையில் அவர்களுடைய மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பரீட்சை எழுதிப் பாஸானால் கொஞ்சம் கூடும். அதோடு சரி.

“எனக்கு மேல போஸ்ட்டே கிடையாது. நான் ரிட்டயர் ஆனாத்தான் உங்களுக்கு இந்த நாற்காலி. அதுவரைக்கும் இந்தப் பிரிவு இருக்குமாங்கறதே சந்தேகம். இப்பல்லாம் விரல்ல சின்ன மெஷினை மாட்டிக்கிட்டு வீட்டுலயே தூங்கிடுறாங்க.”

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இந்த அம்மாள் எங்கே ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் பயம்.

“கல்யாணமானவங்க மூணு மாசம் தாங்கமாட்டாங்க. இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் ஓடிட்டாங்க.”

“நான் போகமாட்டேன் மேடம்.” அவசரமாகச் சொல்லிவிட்டாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். “ஆறு ராத்திரிதானா? ஏழாவதும் வரலாமா?”

தலைமை டெக்னீஷியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருட சர்வீசில் அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

சிரித்தபடியே கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தாள். புதிதாக வருபவர்களுக்குக் காட்டுகிற வீடியோ. முகம் மறைக்கப்பட்ட ஒருவர் கட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை.

சட்டென்று அவர் கை மேலெழுந்தது. தலையணையை ஓங்கிக் குத்தியது. பக்கத்தில் இல்லாத யாரையோ பிடித்து உலுக்கியது.

நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. எப்போது எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு கைகளும் கழுத்தைப் பொத்தியிருந்தன.

வீடியோ நின்றது. தலைமை டெக்னீஷியனின் சிரிப்பும் நின்றுவிட்டது.

“தங்கமான மனுஷர் இவர். கனவுல யார்கூடவோ சண்டை போடுறார். காலையில ஒண்ணும் ஞாபகம் இருக்காது.” அவள் கழுத்தைப் பொத்தியிருந்த கைகளைப் பார்த்துவிட்டு, “உங்க வீட்டுல எத்தனை நாளா?” என்றாள்.

“ஒன்றரை வருஷமா.” கைகளைக் கழுத்திலிருந்து இறக்கினாள். “எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது மேடம். தெரிஞ்சா செத்தே போயிடுவார்.”

தலைமை டெக்னீஷியன் விண்ணப்பத்தை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

எல்லாம் போயிற்று.

விண்ணப்பத்தின் மேல் இன்னொரு தாள் இருந்தது, தூக்கப் பரிசோதனைக்குப் பதிவு செய்கிற படிவம். நோயாளியின் பெயர் எழுத வேண்டிய இடம் காலி.

“முதல்ல அவரை ஒரு ராத்திரி இங்க படுக்க வைங்க. மாத்திரை இருக்கு, கட்டுப்படும். வேலையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.”

வெளியே பெஞ்சில் அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு கணவன் காத்திருந்தான். அவளுக்காக அரைநாள் லீவு போட்டிருந்தான்.

“என்ன, சம்பளம் கம்மியா? போகட்டும் விடு. உனக்குப் பிடிச்சாச் சரி.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாளை நீட்டப் போன கை பாதியில் நின்றுவிட்டது. நீட்டியதில் அவளுடைய சட்டைக் கை மேலேறி, முன்கையில் கன்றிப்போன இடம் தெரிந்தது.

“மறுபடியும் இடிச்சுக்கிட்டியா? பார்த்து நடன்னா கேக்கறதே இல்ல நீ.”

பையைத் துழாவித் தைலத்தை எடுத்தான். அவள் முன்கையைத் தன் மடிமேல் வைத்து, குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல் சுற்றிப் பிடித்து, வலிக்காமல் தேய்த்தான்.

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

அவன் கட்டைவிரல் ஒரு நீலத் தடத்தின்மேல் இருந்தது. மற்ற நான்கு விரல்களும் கையின் மறுபக்கத்தில், நான்கு தடங்களின்மேல், அளவெடுத்து வைத்ததுபோல்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டான். மற்றக் கையால் அவளிடமிருந்த தாளை வாங்கினான்.